அகரவரிசையில் மன்னார்

ஓர் ஊரைக் காணச் செல்பவர் அங்குள்ள கோயிலைக் காண்பர், கோட்டையைக் காண்பர், மாலையானால் கடற்கரையில் நின்று காற்று வாங்குவர். ஊரின் எல்லையிலே, வெயிலாலும் உப்புக் காற்றாலும் நிறம் மங்கி நிற்கும் பெயர்ப்பலகையைக் காண்பதற்கென்றே ஒருவர் புறப்பட்டால் உலகம் நகைக்கும். அப்பலகைகளை அகரத்தில் தொடங்கி, எழுத்து முறை வழுவாமல், ஒரே பகலில் படம் பிடித்து முடிப்பேன் என்று அவர் சொல்வாரானால், நகைப்போடு சிறிது இரக்கமும் சேர்ந்துகொள்ளும்.

அத்தகைய பயணம் ஒன்றுக்கே நான் திட்டம் வரைந்திருக்கிறேன். இடம், மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையோரமும். திட்டத்தைக் கேட்ட தமிழாசிரியரான நண்பர் ஒருவர், "இது வேலையில்லாதவன் வேலை" என்றார். அவ்வாறன்று என்பதும், இதனை நம் பாடசாலைகள் மேற்கொள்ள வேண்டும் என்பதும், மேற்கொள்ளுங்கால் ஒரு நிபந்தனையோடு மேற்கொள்ள வேண்டும் என்பதுமே நான் இங்கே சொல்ல வந்தவை.

முதலில் வரிசையைப் பற்றிச் சில சொற்கள். அகரவரிசை என்பது நமக்கு இயல்பாகவே வந்த முறை போலத் தோன்றுகிறது. உண்மையில் நெடுங்காலம் நம் மாணவர்க்குத் துணையாயிருந்தவை நிகண்டுகள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொகுதி தொகுதியாக அவை சொற்களை வகுத்துச் செய்யுளில் தந்தன. அங்கே தேவர் முன்னே நிற்பர்; ஏனையோர் தத்தம் தகுதிக்கேற்பப் பின்னே நிற்பர். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து முறையில் நிறுத்தியது. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அம்முறையை வேரூன்றச் செய்தது. 1842-இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி அதனை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

அகராதிக்கு ஓர் அறம் உண்டு. அதில் பெரியோர் சிறியோர் என்ற பேதம் இல்லை. அரசனுக்கு முன்னே அடுப்பு நிற்கிறது. அதைத் தடுக்க அரசனால் ஆகாது. ஊர்களையும் இம்முறையில் நிறுத்திப் பாருங்கள். மன்னாரைப் பற்றி எழுதுவோர் யாவரும் கோட்டையில் தொடங்குவர். திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் செல்வர். தலைமன்னாரில் கடல் பார்த்து முடிப்பர். கரிசலும் ஈச்சளவக்கையும் அந்த வரிசையில் ஒருபோதும் இடம் பெறா. அகரவரிசையிலோ மாவட்டத்தின் தலைநகர் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயற்புறத்து அடம்பன் முதலிடத்தில் அமர்கிறது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை அறிந்தவர்க்கு இது மகிழ்ச்சி தரும் தொடக்கம்.

எந்த மொழியின் வரிசை என்பது அடுத்த வினா. நார்வே நாட்டின் லொபோத்தன் தீவுகளிலே ஓரெழுத்துப் பெயருடைய ஒரு சிற்றூர் உண்டு. தலைமேல் சிறு வட்டமிட்ட ஆங்கில முதலெழுத்துப் போன்றது அவ்வெழுத்து. வேற்று நாட்டுப் பயணி அதனை உலகத்து ஊர்ப்பட்டியலின் முதல் ஊர் என்று மகிழ்ந்து படம் பிடிக்கிறார். பலகையையே கழற்றிச் சென்றவர்களும் உண்டு. ஆனால் நார்வே மொழியின் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. ஊராருக்கு ஈற்றில் நிற்பது, பயணிக்கு முதலில் நிற்கிறது. பயணி தன் வரிசையைத் தன்னோடு சுமந்து வந்துவிட்டார், அவ்வளவே.

இத்தவறு நமக்கும் நேரக்கூடும். நம் வீதிகளில் நிற்கும் பலகைகள் மும்மொழியில் எழுதப்பட்டவை. மூன்று மொழியின் வரிசைப்படியும் புறப்பட்டால் மூன்று வெவ்வேறு பாதைகள் கிடைக்கும். உயிலங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் உயிரெழுத்து, ஆதலால் காலையிலேயே அங்கு சென்றுவிடுவோம். ஆங்கில வரிசையிலோ அது வங்காலைக்குப் பக்கத்தில், பொழுது சாயும் வேளைக்கு ஒதுங்குகிறது. சிலாவத்துறை தமிழில் சகரம். ககரத்தை அடுத்து வந்துவிடும். சிங்களத்தில் அப்பெயர் 'சிலாவதுர' ஆகி, வகரத்துக்கும் பின்னே வரும் எழுத்தால் எழுதப்படுவதால், பட்டியலின் இறுதியை ஒட்டி நிற்கும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வரிசை மாறும்போது அதனை நோக்கிச் செல்லும் வழி மாறுகிறது. ஆதலின் முதல் விதியை ஐயத்துக்கிடமின்றி எழுதிக்கொண்டேன்: தமிழ்ப் பெயர்களைத் தமிழ் நெடுங்கணக்கின் முறையிலேயே தேடிச் செல்ல வேண்டும்.

இனித் திட்டத்துக்கு வருவோம். எல்லா ஊர்களையும் முழு அகரவரிசையில் அடுக்கினால் ஒரு பகல் போதாது. ஒரு கிழமையும் போதாது. பகரத்தில் மட்டும் பரப்பாங்கண்டல் பெருநிலத்தில், பள்ளிமுனை தீவில், பாப்பாமோட்டை மீண்டும் பெருநிலத்தில், பேசாலை மீண்டும் தீவில் என்று தாம்போதியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருக்க நேரும். ஆகவே எழுத்துக்கு ஓர் ஊர் என்று வரையறுத்தேன். ஒரே எழுத்தில் பல ஊர்கள் உள்ளபோது எதனைக் கொள்வது என்ற உரிமை பயணிக்கு உண்டு. இந்த உரிமையில்தான் திட்டத்தின் சாமர்த்தியமும், பின்னர் நான் சொல்லப்போகும் சங்கடமும் அடங்கியிருக்கின்றன.

வழி எவ்வளவு அழகாக அமைகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் அடம்பன். அதனை அடுத்து ஆண்டாங்குளம். பின் யாழ்ப்பாண வீதியில் வடக்கே ஏறி இலுப்பைக்கடவை. திரும்பும் வழியில் உட்புறமாகச் சென்று பெரியமடுப் பக்கத்து ஈச்சளவக்கை. தெற்கே இறங்கி உயிலங்குளம். அங்கிருந்து மேற்கே திரும்பித் தாம்போதியைக் கடந்தால் தீவு. தீவிலே எருக்கலம்பிட்டி, ஓலைத்தொடுவாய், கரிசல், சிறுத்தோப்பு ஆகியவை முறைப்படி கிடைக்கின்றன. தகரத்துக்குத் தலைமன்னார். திரும்பி வருகையில் நடுக்குடா, அடுத்துப் பேசாலை, பின் மன்னார் நகரம். மீண்டும் தாம்போதியைக் கடந்து கரையோரமாகத் தெற்கே திரும்பினால் வகரத்துக்கு வங்காலை. பதினான்கு எழுத்து, பதினான்கு பலகை. மொத்தத் தூரம் 200 கிலோமீற்றருக்கு உட்பட்டது. இந்த அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். பெப்ருவரி மாதமாயின் மாரி மழை ஓய்ந்திருக்கும். 2008-இல் சரணாலயமாக்கப்பட்டு 2010-இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலையின் நீர்ப்பரப்பில் தொலைநாட்டுப் பறவைகளும் நிற்கும். கடைசிப் பலகையைப் படம் பிடித்துவிட்டு அவற்றைக் காண வெளிச்சம் மிஞ்சும்.

ஊர் அமையாத எழுத்துக்களும் உள. ஊகாரமும், ஏகாரமும், ஐகாரமும், ஔகாரமும் என் பட்டியலில் வெறுமையாக நிற்கின்றன. ஞகரமும் யகரமும் அவ்வாறே. ஆத்திசூடி பாடிய ஔவையார் ஙகரத்தைக் கூட விட்டாரில்லை. அது புலமையின் ஆற்றல். பயணிக்கு அந்த உரிமை கிடையாது. ஓர் ஒழுங்கையின் பெயரையோ கடையின் பெயரையோ கொண்டு வெற்றிடத்தை நிரப்புவது பொய்க்கணக்கு. பக்கம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே இருக்கட்டும். இதனை இரண்டாம் விதியாகக் கொண்டேன்.

இப்பெயர்களைப் பொருள் தெரிந்து வாசிப்பவர்க்கு இந்தப் பகல் ஒரு பாடநூல். எருக்கும் இலுப்பையும் நறுவிலியும் விடத்தலும் மரஞ்செடிகளின் பெயர்கள். அவற்றோடு பிட்டி, கடவை, குளம், தீவு என்ற நிலத்தின் பெயர்கள் சேர்ந்து எருக்கலம்பிட்டியும், இலுப்பைக்கடவையும், நறுவிலிக்குளமும், விடத்தல்தீவும் ஆயின. பிட்டி என்றால் மேடு. கடவை என்றால் கடந்து செல்லும் வழி. தொடுவாய் என்பது கடல்நீர் நிலத்துள் புகும் வாய். குடா என்பது கடல் வளைந்து உள்ளே வந்த இடம். பாடு என்பது வலை வளைக்கும் கரை; தாழ்வுபாட்டின் ஈற்றில் நிற்பது அச்சொல்லே. உள்நாட்டுப் பெயர்கள் குளத்தையும் மரத்தையும் சொல்ல, கரையோரப் பெயர்கள் குடாவையும் பாட்டையும் துறையையும் முனையையும் சொல்லுகின்றன. எவன் உழுதான், எவன் வலை இழுத்தான் என்பதைப் பெயரே அறிவித்துவிடுகிறது. 1946-இல் வெளிவந்த 'தமிழகம் ஊரும் பேரும்' என்ற நூலில் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைக் கொண்டு நிலத்தையும் மக்களையும் வாசித்துக் காட்டினார். அந்த வாசிப்பை நம் மாணவர் தத்தம் ஊர் எல்லையிலேயே தொடங்கலாம்.

ஆனால் அவ்வாறு வாசிப்பதற்குப் பலகையின் எழுத்துப் பிழையற்றதாக இருக்க வேண்டும். தாழ்வுபாட்டின் ழகரம் லகரமானால், தாழ்வும் போய்விடும்; அப்பெயரைத் தேடும் மாணவனுக்கு அகராதியும் கைகொடாது. மும்மொழிப் பலகைகளின் தமிழ் வரியிலே லகர ளகரங்களும், ரகர றகரங்களும், னகர ணகரங்களும் இடம் மாறி நிற்பதை இத்தீவில் பயணஞ் செய்யும் தமிழர் எவரும் கண்டிருப்பர். எழுதியவர் யார் என்று வழக்காடுவது என் நோக்கமன்று. அந்த ஒரு வரி அங்கே இருப்பதற்கு எத்தனை காலம் சென்றது என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. 1958-இல் வாகன இலக்கத் தகட்டின் ஓர் எழுத்தை முன்னிட்டு நாடெங்கும் தார் வாளிகள் வெளிவந்தன. வடக்கில் சிங்கள 'ஸ்ரீ' மீதும், தெற்கில் தமிழெழுத்துப் பலகைகள் மீதும் தார் பூசப்பட்டது. 1987-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தமே தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. இவ்வளவு செலவு செய்து பெற்ற ஒரு வரியை ஒற்றுப் பிழையோடு விட்டுவைப்பது நமக்கு அழகா?

பெயரைத் திருத்துவது எளிய காரியம் என்றும் எவரும் எண்ண வேண்டா. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி ஆணையிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்த தமிழரே ஒருவரோடொருவர் வாதிட்டனர். சில நாட்களுள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அலுவலகத்து மேசையில் பெயரைத் திருத்த முற்படும்போது நேர்வது இது. அதனை ஊராரின் வாயிலிருந்து கேட்டே எழுத வேண்டும்.

நான் முன்னர்க் கூறிய நிபந்தனை இங்கே பிறக்கின்றது. பலகை எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஊரின் பெயரைச் சொல்லும். அப்பெயரால் தம்மை அழைத்துக்கொள்வோர் அங்கே இருக்கிறார்களா என்பதைச் சொல்லாது.

தகரத்துக்காகத் தலைமன்னாரில் நிற்கும்போது இதனை உணரலாம். 1914-இல் புகையிரதம் அங்கு வந்து சேர்ந்தது. இறங்குதுறையிலிருந்து கப்பலேறி எதிர்க்கரையான தனுஷ்கோடிக்குச் செல்வர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தப் பெயர் இன்றும் தேசப்படத்தில் உண்டு, ஊர் இல்லை. இப்பாலும் 1990-இல் போரினால் புகையிரதம் நின்றது. 2015 மார்ச் 14-ஆம் தேதியே மீண்டும் தலைமன்னார் வரை வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் புகையிரத நிலையம் என்ற சொல் அங்கே பெயரளவில் வாழ்ந்தது.

தனுஷ்கோடியை அழித்தது இயற்கை. எருக்கலம்பிட்டியின் கதை வேறு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் ஏனைய இடங்களிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் சில நாட்களுள் வீடு, தோட்டம், படகு, பள்ளிவாசல் யாவற்றையும் விட்டுக் கடல் வழியே கற்பிட்டிப் பக்கம் சென்று கரையேறினர். பெயர்ப்பலகையை எவரும் எடுத்துச் செல்லவில்லை. பெயரை எடுத்துச் சென்றனர். புத்தளத்தை அடுத்த நாகவில்லில் அவர்கள் குடியேறிய இடத்தில் எருக்கலம்பிட்டி என்ற பெயராலேயே பாடசாலை எழுந்தது. எருக்கும் பிட்டியும் தீவில் இருக்க, எருக்கலம்பிட்டி கடல் கடந்து வாழ்ந்தது. 2009-இன் பின்னர்ப் பலர் மீண்டனர். பலர் இரண்டு ஊரிலும் கால் ஊன்றினர். எகரத்துக்கு ஒரு பலகையைப் படம் பிடித்துவிட்டு, "ஒன்று முடிந்தது" என்று அடுத்த எழுத்துக்கு விரைபவர் இதில் பாதியைத்தான் படம் பிடித்திருப்பார்.

முள்ளிக்குளத்தின் கதை இதற்கு மறுதலை. மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில் உள்ள கடலோரக் கிராமம் அது. 2007 செப்டெம்பரில் போர் நடவடிக்கையின்போது மக்கள் வெளியேற்றப்பட்டனர். கிராமம் கடற்படை முகாமாயிற்று. போர் முடிந்த பின்னரும் தம் காணிக்குள் செல்ல இயலாத குடும்பங்கள் அண்மையிலுள்ள மலங்காட்டில் குடிசையிட்டு வாழ்ந்தன. 2017-இல் அவர்கள் தொடர்ந்து நடத்திய போராட்டத்தின் பின், அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், காணியில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. எருக்கலம்பிட்டியார் பெயரைத் தொலைவுக்குக் கொண்டு சென்றனர்; முள்ளிக்குளத்தார் பெயருக்கு எதிரிலேயே அமர்ந்து காத்திருந்தனர்.

இவற்றை எண்ணிய பின்னர் என் அழகிய வழியை மீண்டும் பார்த்தேன். அதில் மகரத்துக்கு நான் வைத்திருந்தது மன்னார். வழியில் இருந்தது, வசதியாக இருந்தது. மகரத்தில்தான் எத்தனை ஊர்கள்! மடு, மறிச்சுக்கட்டி, மாந்தை, முசலி, முருங்கன், முள்ளிக்குளம். இவ்வளவும் இருக்க நகரத்தை எடுத்தது ஏன்? தூரத்துக்கு அஞ்சியே. சகரத்திலும் அவ்வாறே சிலாவத்துறையை விடுத்துச் சிறுத்தோப்பை எடுத்தேன். இதன் பயனாக அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரையுள்ள தென்கரை முழுவதும் என் பதினான்கு எழுத்துக்களில் ஒன்றையேனும் பெறவில்லை. 1679-இல் கண்டியரசின் சிறையிலிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ் வந்து அடைந்த கோட்டை அரிப்பில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகை அங்கேதான் கடலரிப்பால் இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் உலகத்து வணிகரெல்லாம் வந்து குழுமிய கரை அது. அகரவரிசை எல்லா ஊரையும் சமமாக நிறுத்தும் என்று மேலே பெருமை பேசினேன். எழுத்துச் சமமாக நிறுத்தினாலும், தேர்ந்தெடுக்கும் கை வசதியின் பக்கமே சாய்கிறது. பட்டியல் போடுவோர் யாவருக்கும் இது பொது. தொகுப்பு நூல் வெளியிடுவோருக்கும், பாடத்திட்டம் வகுப்போருக்கும் கூட.

ஆதலின் மகரத்தை மாற்றினேன். பேசாலையில் படம் பிடித்தபின் நகரத்தில் நில்லாமல் தாம்போதியைக் கடந்து, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி வழியே தெற்கே முள்ளிக்குளம் நோக்கிச் செல்ல வேண்டும். அங்கிருந்து திரும்பி வங்காலைக்கு வர வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேல் கூடுகிறது. மொத்தம் 300 கிலோமீற்றர் அளவில் வரும். ஆறு மணிக்கு அடம்பனில் தொடங்கி, நண்பகல் கடந்து இரண்டு மணிக்குள் பேசாலையை முடித்தால், நான்கு மணிக்கு முள்ளிக்குளத்தை அடையலாம். பொழுது சாயுமுன் வங்காலைக்கு மீளலாம். பறவை பார்க்க மட்டும் நேரம் இராது. படைமுகாமைப் படம் பிடித்தல் ஆகாது. பிடிக்க வேண்டியதும் இல்லை. அதற்கு முன்னுள்ள வீதியில் ஊர்ப்பெயர் தாங்கிய பலகை எங்குளதோ அங்கே நின்று, அப்பெயருக்குரியவர்களைச் சந்தித்தால் போதும்.

மூன்றாம் விதி இதுவே. இதனையே நிபந்தனை என்றேன். பலகைக்கு எதிரே கமெராவைத் தூக்குமுன், அவ்வூரவர் ஒருவரைக் கண்டு, "இந்த ஊரின் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லுமாறே ஏட்டில் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் பலகையின் எழுத்தை எழுத வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நன்று. வேறுபட்டால் அந்த வேறுபாடே பயணத்தின் பயன். ஊரவர் அங்கே இல்லையெனில், அவர்கள் எங்கே என்று கேட்டு அதனை எழுத வேண்டும். எகரத்துக்கு எதிரே இன்னொரு பக்கத்தை விட்டுவைத்து, பிறிதொரு நாள் நாகவில்லுக்குச் சென்று அதனை நிரப்ப வேண்டும்.

மறுப்புக்கள் எழும். "தேசப்படம் இருக்கிறது, வானிலிருந்து எடுத்த படங்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது ஒன்று. தேசப்படத்தில் பெயர் உண்டு, ஒலி இல்லை. முதியவர் ஒருவர் விடத்தல்தீவு என்று சொல்லும்போது எந்த அசை அழுந்துகிறது, எது தேய்கிறது என்பதை எந்தப் படமும் தராது. இன்று எழுபது வயது நிரம்பியவர் சொல்லும் பெயரை இன்னும் இருபது ஆண்டு கழித்துக் கேட்க முடியாது.

மற்றது கனத்த மறுப்பு. "மக்கள் துன்புற்ற இடங்களில் எழுத்து விளையாட்டு ஆடுவதா?" என்று கேட்பர். இது நியாயமான வினா. 2008-ஆம் ஆண்டில் அடம்பன், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று இவ்வூர்ப் பெயர்கள் செய்தித்தாள்களில் அடுத்தடுத்து வந்தன. படை முன்னேறிய வரிசை அது. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் இப்பெயர்களை முதலில் கேட்டது அவ்வரிசையிலேதான். அவர்களுக்கு அடம்பன் ஒரு போர்முனையின் பெயராகவே நின்றுவிட்டது. அதே பிள்ளை 'அ - அடம்பன்' என்று எழுதி, அங்கே சென்று, வயல் வரம்பில் நிற்கும் ஒருவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டு வருவானாயின், பெயர் அதன் உடையவர்க்கே மீள்கிறது. அதனை விளையாட்டு என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. எழுத்தறிவித்தலையே நாம் மணலில் விரல் வைத்து விளையாட்டாகத்தானே தொடங்குகிறோம்?

மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேசச் செயலாளர் பிரிவுகள் உள. பிரிவுக்கு ஒரு பாடசாலை முன்வந்தால் போதும். ஒரு தமிழாசிரியர், பத்து மாணவர், ஒரு வாகனம், ஒரு பகல். கமெரா இல்லாத கைபேசி இன்று அரிது. ஐந்து பாடசாலையும் தத்தம் பிரிவின் பலகைகளை அகரவரிசையில் படம் பிடித்து, ஊரவர் சொன்ன பெயரைப் பக்கத்தில் எழுதித் தொகுத்தால், ஓராண்டுக்குள் மாவட்டத்தின் ஊர்ப்பெயர் ஏடு ஒன்று உருவாகிவிடும். பலகையைப் புதுப்பிக்கும் காலத்தில் அந்த ஏட்டை உரிய சபையின் மேசையில் வைக்கலாம். அப்போது எழுத்துப் பிழையைப் பற்றி வெறும் குறை கூறுவோராக நாம் நிற்க மாட்டோம். திருத்தத்தைக் கையில் கொண்டு நிற்போம்.

தூரத்துக்கு அஞ்சி எந்த எழுத்தையும் வசதியான ஊருக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்பதே ஆசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது. முதலில் பெயரைச் சொல்பவரைத் தேடுங்கள். பலகை எங்கும் போய்விடாது.